நியூரான்கள் கூட்டமாகத் துடிக்கும்போது: கணித மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் நரம்புச் செல்களான நியூரான்கள் அவ்வப்போது சட்டென்று ஒரு மின் துடிப்பை விடுகின்றன. அவற்றின் கூட்டத்தில் அலைகள் ஓடுகின்றன, தாளங்கள் பிறக்கின்றன, ஓரிடத்தில் எழுந்த கிளர்ச்சி அங்கேயே நிலைத்தும் நிற்கிறது. இவற்றைச் சமன்பாடுகளால் விளக்கும் துறைக்குக் கணிதம், இயற்பியல், உயிரியல் என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். குறியீடுகள் இல்லாமல் சொற்களிலேயே சொல்லியிருப்பதால், மேல்நிலைப் பள்ளிக் கணிதம் தெரிந்தால் போதும்.

ஒரு நியூரானைப் புரிந்துகொண்டால் கூட்டத்தையும் புரிந்துகொண்டதாகிவிடாதா?

ஆகாது. இதற்கான சான்று இரண்டே நியூரான்களில் கிடைத்துவிடுகிறது. தனியாக விட்டால் தாளம் எதுவும் போடாத இரண்டு நியூரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மற்றதைத் தடுக்கும். தொடர்ந்து துடித்தால் களைத்தும் போகும். முதலாவது துடிக்கும்வரை இரண்டாவது அடங்கிக் கிடக்கும். முதலாவது களைத்ததும் தடை தளர்ந்து இரண்டாவது எழும், முதலாவது அடங்கும். இப்படி மாறி மாறிப் போய் ஒரு தாளம் பிறந்துவிடுகிறது. நடையின் தாளம் தண்டுவடத்திலேயே உருவாகிறது என்று 1911இல் காட்டிய தாமஸ் கிரஹாம் பிரவுன் முன்வைத்த கருத்து இதுதான். அவர் மடக்கும் தசைக்கு ஒரு கூட்டம், நீட்டும் தசைக்கு ஒரு கூட்டம் என்று வைத்துப் பார்த்தார்.

ஒரு கை ஓசை எழுப்பாது. அந்தத் தாளம் முதல் நியூரானிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை, இணைப்பில் இருக்கிறது. ஒற்றை நியூரானை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அங்கே அது அகப்படாது.

‘செயல்பாட்டு வடிவம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

எந்த நியூரான்கள் எப்போது, எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதில் தெரியும் அமைப்பைச் சொல்கிறேன். பல நியூரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துடித்தால் ஒத்திசைவு. கிளர்ச்சி இடம்விட்டு இடம் நகர்ந்தால் அலை. ஒரு சிறு பகுதி மட்டும் எழுந்து, தூண்டலை எடுத்த பிறகும் அப்படியே நின்றால் மேடு. ஒழுங்கே தெரியாமல் எல்லாம் சிதறித் துடிப்பதும் ஒரு வடிவம்தான். விளக்குவதற்கு இருப்பதிலேயே கடினமானது அதுதான் என்பது என் எண்ணம்.

மனித மூளையின் மின் அலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924இல் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடியதும் விநாடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை அப்படித்தான் தெரியவந்தது. மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியும் அளவுக்கு ஒற்றை நியூரானின் மின்னோட்டத்துக்கு வலு கிடையாது. ஏராளமான நியூரான்களின் மின்னோட்டங்கள் சேர்ந்து ஏறி இறங்குவதால்தான் நமக்கு அலை தெரிகிறது.

ஒரு நியூரானுக்கான சமன்பாடு எது?

முழுமையானதில் தொடங்கலாம். 1952இல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை அளந்து நான்கு மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதி ஒன்றை எழுதினார்கள். ஒரு மாறி, சவ்வின் மின்னழுத்தம். மற்ற மூன்றும் சோடியம், பொட்டாசியம் வாயில்கள் எந்த அளவு திறந்திருக்கின்றன என்பதைச் சொல்பவை. கையால் சுழற்றும் கணக்கு எந்திரத்தில் ஹக்ஸ்லி அவற்றைத் தீர்த்தார். நரம்புத் துடிப்பின் உருவம் அப்படியே வந்தது. 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கூட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவு தேவைப்படாது. 1907இல் லூயி லாப்பிக் எழுதியதிலிருந்து வளர்ந்த மாதிரி மிக எளிது. உள்ளீடு வந்தால் மின்னழுத்தம் ஏறும், வராவிட்டால் மெல்லக் கசிந்து ஓய்வுநிலைக்குத் திரும்பும். ஏறி ஏறி ஒரு வரம்பைத் தொட்டால் ஒரு துடிப்பு என்று குறித்துக்கொண்டு, மின்னழுத்தத்தைக் கீழே இறக்கிவிடுகிறோம். ஓய்வுநிலை ஏறத்தாழ -70 மில்லிவோல்ட், வரம்பு ஏறத்தாழ -50 மில்லிவோல்ட், கசியும் காலம் 10 முதல் 20 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியின் நியூரான்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். களைப்பு முக்கியம் என்றால் இன்னொரு மாறியைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் இதை வைத்துப் பாருங்கள், போதாது என்று தெரிந்த பிறகு நுணுக்கத்தைக் கூட்டுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

இன்றைய கணினிகளில் மொத்த மூளையையும் ஏற்றிவிட்டால் என்ன?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் இணைப்புகள். ஆனால் உண்மையான சிக்கல் எண்ணிக்கை அல்ல. 302 நியூரான்களே கொண்ட ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. இருந்தும் அந்தப் புழுவின் நடத்தையை முழுதாக விளக்கியாகிவிட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாருக்கு யாரோடு இணைப்பு என்பதை வரைபடம் சொல்லும். இணைப்பின் வலு எவ்வளவு, எந்த வேதிப்பொருள் அதை எப்படி மாற்றுகிறது என்பதை முழுதாகச் சொல்லாது. 2024இல் வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள். மிகப் பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது இந்தத் துறையின் வேலையை முடித்துவைக்கவில்லை, இப்போதுதான் தொடங்கிவைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் உள்ளபடியே கணினியில் போட்டு, மூளையில் வரும் அலை அங்கேயும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலை ஏன் வந்தது? எதை மாற்றினால் நிற்கும்? இப்போது புரியாத மூளை ஒன்றோடு புரியாத கணினி நிரல் ஒன்றும் சேர்ந்துவிட்டது. எதையெல்லாம் விட்டுவிட்டாலும் வடிவம் தங்குகிறது, எதை எடுத்தால் குலைகிறது என்று காட்டுவதுதான் மாதிரியின் வேலை.

அப்படியானால் கோடிக்கணக்கான நியூரான்களை எப்படிச் சுருக்குவது?

சராசரி எடுத்துத்தான். 1972இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹியூ வில்சனும் ஜாக் கோவனும் செய்ததைத்தான் இன்றும் முதல் பாடமாக வைக்கிறோம். அவர்கள் தனித்தனி நியூரான்களை விட்டுவிட்டு, கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: மற்றவற்றைத் தூண்டும் கூட்டம், மற்றவற்றைத் தடுக்கும் கூட்டம். பெருமூளைப் புறணியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தூண்டுபவை, மீதி தடுப்பவை. ஒவ்வொரு கூட்டத்தின் செயல்பாட்டுக்கும் ஒரே ஒரு எண்.

சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: விட்டுவைத்தால் செயல்பாடு தணியும். தூண்டும் கூட்டத்திலிருந்து வருவதைக் கூட்டி, தடுக்கும் கூட்டத்திலிருந்து வருவதைக் கழித்து, வெளியிலிருந்து வருவதையும் சேர்த்தால் நிகர உள்ளீடு கிடைக்கும். அந்த நிகர உள்ளீடு சாய்ந்த ‘எஸ்’ போன்ற ஒரு வளைகோட்டின் வழியாகச் செயல்பாட்டை உயர்த்தும். குறைந்த உள்ளீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றும் நடக்காது, நடுவில் சட்டென்று ஏறும், அதிக உள்ளீட்டில் உச்சத்தைத் தொட்டுத் தட்டையாகிவிடும்.

இந்த இரண்டு வரிச் சமன்பாட்டுக்குள் இருக்கும் செழுமையைப் பாருங்கள். இணைப்பு வலுக்களை ஒருவிதமாக வைத்தால் ஒரே அமைதி நிலை வரும். கொஞ்சம் மாற்றினால் தாழ்நிலை, உயர்நிலை என இரண்டு நிலைகள். சிறு தூண்டல் கீழேயிருந்து மேலே தூக்கிவிடும், தூண்டலை எடுத்தாலும் மேலேயே நிற்கும். ஒரு விஷயத்தைச் சில விநாடிகள் மனத்தில் பிடித்துவைப்பதற்கான மிக எளிய விளக்கம் இது. இன்னும் மாற்றினால் இரண்டு கூட்டங்களும் ஓயாமல் ஏறி இறங்கத் தொடங்கும்.

1997இல் த்சோடிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இதே வகைச் சமன்பாட்டிலிருந்து உள்ளுணர்வுக்கு நேர் எதிரான ஒரு முடிவை எடுத்தார்கள். தூண்டும் கூட்டம் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் வலு மிக அதிகமாக இருந்து, தடுக்கும் கூட்டம்தான் அதைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது என்றால், தடுக்கும் கூட்டத்துக்கு வெளியிலிருந்து கூடுதல் தூண்டல் கொடுத்தால் அதன் செயல்பாடு குறையும்! காரணத்தை யோசித்தால் பிடிபடும். தடுப்பவை முதலில் சற்று ஏறும், அதனால் தூண்டுபவை சரியும். அவற்றிடமிருந்து தடுப்பவைக்கு வந்துகொண்டிருந்த உள்ளீடு அதைவிட அதிகமாக விழும். ஆக, கடைசியில் இரண்டும் கீழே போகின்றன. எலிகளின் புறணியில் தடுக்கும் நியூரான்களை ஒளியால் தூண்டிய சோதனைகளில் பின்னர் இது காணப்பட்டது. ஒரு மாதிரிமேல் நம்பிக்கை வர எனக்கு இந்த வகைச் சான்று வேண்டும்: தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதோடு நிற்காமல், யாரும் எதிர்பாராத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, அது நடக்கவும் வேண்டும்.

சராசரி எடுத்தால் தகவல் தொலைந்துவிடாதா?

தொலையும். யார் எப்போது துடித்தார் என்ற நுட்பமான நேரக்கணக்கு போய்விடும், ஒத்திசைவும் சரியாகத் தெரியாது. சில சமயம் தொலையாமலும் எடுக்கலாம். 2015இல் மொன்ப்ரியோ, பாசோ, ராக்சின் மூவரும் ஒரு குறிப்பிட்ட வகை எளிய நியூரான்களுக்கு, எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்து, எண்ணிக்கையும் வரம்பின்றி இருக்கும்போது, கூட்டத்தின் சராசரி மின்னழுத்தத்துக்கும் துடிப்பு வேகத்துக்குமான இரண்டே சமன்பாடுகளைத் தோராயம் எதுவுமின்றிப் பெற முடியும் என்று காட்டினார்கள். நிபந்தனைகள் கடுமையானவைதான். ஆனாலும் நியூரானிலிருந்து கூட்டத்துக்கு ஏறும் ஒரு நேரான படிக்கட்டு கிடைத்திருக்கிறது.

தாளங்கள் எங்கிருந்து வருகின்றன?

ஒரு வழி, தூண்டலும் தடையும் துரத்திக்கொள்வது. தூண்டுபவை எழும், சில மில்லிவிநாடிகள் கழித்து அவற்றால் தடுப்பவை எழும், தூண்டுபவை அடங்கும், தடை தேய்ந்ததும் மறுபடி எழும். தடுக்கும் இணைப்பின் விளைவு தேய ஏறத்தாழ 10 மில்லிவிநாடி ஆவதால், ஒரு சுற்று 20, 30 மில்லிவிநாடியில் முடிகிறது. காமா எனப்படும் 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான தாளம் இப்படித்தான் வருகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இன்னொரு வழி, தானாகவே தாளமிடும் பல அலைவிகள் ஒன்றையொன்று இழுத்து ஒத்திசைவுக்கு வருவது. இதற்கு 1975இல் யோஷிகி குராமோட்டோ கொடுத்த மாதிரி மிக அழகானது. ஒவ்வோர் அலைவிக்கும் தனக்கென்று ஒரு வேகம். ஒவ்வொன்றும் மற்றவை சுற்றில் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, முன்னால் இருப்பதை நோக்கி வேகமெடுக்கும், பின்னால் இருப்பதற்காக மெதுவாகும். இழுக்கும் வலுவை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட அளவுவரை ஒத்திசைவு துளியும் வராது. அந்த அளவைத் தாண்டியதும் ஒரு குழு சேரத் தொடங்கும், வலு கூடக் கூடக் குழு பெருகும். அந்த எல்லை மதிப்பை வேகங்களின் பரவலிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்: அலைவிகளின் சொந்த வேகங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றனவோ அவ்வளவு வலு வேண்டும்.

ஆனால் குராமோட்டோவை அப்படியே நியூரான்களுக்குப் போட்டுவிடக் கூடாது. தூண்டும் இணைப்பு சேர்க்கும், தடுக்கும் இணைப்பு பிரிக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 1994இல் வான் வ்ரீஸ்விக், அபட், எர்மென்ட்ரவுட் மூவரும் சினாப்ஸ் எனப்படும் நியூரான் இணைப்பு மெதுவாக வேலை செய்தால் பல சமயம் நேர் எதிராக நடக்கிறது, தடைதான் ஒத்திசைவைத் தருகிறது என்று காட்டினார்கள். எல்லோரையும் ஒன்றாக அடக்கி, ஒன்றாக விடுவிப்பதால் அப்படி.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் விநாடிக்கு 40 முறை ஏறி இறங்குகிறது என்றால் ஒவ்வொரு நியூரானும் விநாடிக்கு 40 முறை துடிக்கிறது என்று பொருளில்லை. 1999, 2000 ஆண்டுகளில் நிக்கோலா புருனெலின் வேலை இதைத் தெளிவாக்கியது. ஒவ்வொரு நியூரானும் எப்போதாவது, ஒழுங்கில்லாமல்தான் துடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு நியூரான்கள் பங்கெடுக்கும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் சீரான தாளம் தெரியும். எந்த ஒரு நியூரானைத் தனியாகப் பதிவுசெய்தாலும் அந்தத் தாளம் கண்ணில் படாமல் போகலாம்.

விழித்திருக்கும் மூளையில் நியூரான்கள் ஏன் இவ்வளவு தாறுமாறாகத் துடிக்கின்றன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1993இல் சாஃப்ட்கியும் கோக்கும் ஒரு சிக்கலை முன்வைத்தார்கள். புறணி நியூரான் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான உள்ளீடுகள் வருகின்றன. ஆயிரம் தற்செயலான உள்ளீடுகளைக் கூட்டினால் சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கம் மூன்று சதவீதம்தான் இருக்கும், ஏனென்றால் அது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படியானால் நியூரான் கடிகாரம்போலச் சீராகத் துடிக்க வேண்டும். உண்மையில் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமோ கிட்டத்தட்ட முழுத் தற்செயலாக இருக்கிறது. ஏன்?

1996இல் கார்ல் வான் வ்ரீஸ்விக்கும் ஹைம் சொம்போலின்ஸ்கியும் சொன்ன விடை: சமநிலை. ஒவ்வோர் இணைப்பும் நாம் நினைப்பதைவிட வலுவானது. வரம்பைத் தொட உள்ளீடுகளில் ஒரு சிறு பங்கே போதும். எனவே மொத்தத் தூண்டல் வரம்பைப் பல மடங்கு தாண்டும். தடையும் அதே அளவு பெரியது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிட, மிஞ்சும் சராசரி வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சராசரிகள் அடிபட்டுப் போகும், ஏற்ற இறக்கங்கள் போகாது. அவைதான் அவ்வப்போது நியூரானை வரம்பைத் தாண்ட வைக்கின்றன. தாறுமாறு வந்த வழி இதுதான்.

இந்தச் சமநிலையை யாரும் துல்லியமாகத் திருகி வைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. தூண்டல் கொஞ்சம் மிஞ்சினால் எல்லாம் வேகமெடுக்கும், தடையும் உடனே ஏறிப் பிடித்துக்கொள்ளும். இணைப்பு வலுக்கள் சில சமனின்மைகளுக்குள் இருந்தால் போதும், வலையமைப்பு தானாகவே சமநிலையைத் தேடிக்கொள்ளும். கூடவே ஒரு பயனும் கிடைக்கிறது: வெளி உள்ளீடு மாறினால் கூட்டம் ஒற்றை நியூரானைவிட வேகமாகப் பதில் சொல்லும். எப்போதும் சில நியூரான்கள் வரம்பின் விளிம்பிலேயே நிற்பதால், அவை காத்திருக்க வேண்டியதில்லை.

மேடு மாதிரிகள் என்கிறார்களே, அவை உண்மையில் மூளையில் இருக்கின்றனவா?

இருக்கின்றன. கோட்பாடு முதலில் வந்து சோதனை பின்னால் வந்த கதை இது.

1977இல் ஷுன்-இச்சி அமரி நியூரான்களை எண்ணாமல், அவற்றை ஒரு தொடர்ச்சியான பரப்பாகக் கருதினார். பக்கத்தில் இருப்பதைத் தூண்டு, தள்ளி இருப்பதைத் தடு: இணைப்பு விதி அவ்வளவுதான். இந்த விதியில் செயல்பாடு ஒரு மேடாக எழுந்து தானாகவே நிற்க முடியும் என்று அவர் நிறுவினார். பொருத்தமான உள்ளீட்டு அளவில் சமன்பாடு இரண்டு அகலங்களைத் தரும். குறுகிய மேடு நிலையற்றது, அகன்றது நிலையானது.

இந்தப் பரப்பை ஒரு வளையமாக மடித்துவிடுங்கள். மேடு வளையத்தில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், எல்லா இடமும் சமம். ஒரு திசையை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிடத் தோதான அமைப்பு வேறில்லை. எலிகளில் தலை எந்தத் திசையை நோக்குகிறது என்பதைச் சொல்லும் நியூரான்களை 1980களில் ஜேம்ஸ் ராங்க் கண்டுபிடித்திருந்தார். 1990களின் நடுவில் ஸ்காக்ஸ், ஜாங் முதலியோர் அதற்கு வளைய மாதிரியை முன்வைத்தார்கள்: தலை திரும்பும்போது, இணைப்புகளில் ஒரு பக்கச் சாய்வு வந்து மேட்டை நகர்த்தும் என்றார்கள்.

எலியின் மூளையில் இந்த நியூரான்கள் வளையமாக அடுக்கப்பட்டிருக்கவில்லை. ‘வளையம்’ இணைப்பின் கணக்கில் மட்டும்தான். அதனால் நேராகப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. 2015இல் சீலிக்கும் ஜெயராமனும் பழ ஈயின் மூளையில் வளைய வடிவப் பகுதி ஒன்றைப் பார்த்தார்கள். அங்கே உண்மையிலேயே ஒரு செயல்பாட்டு மேடு இருந்தது. ஈ திரும்பினால் மேடும் சுற்றியது, இருட்டிலும் நிலைத்து நின்றது. 2017இல் இன்னொரு சோதனையில் வளையத்தின் வேறிடத்தில் ஒளியால் ஒரு புதிய மேட்டை எழுப்பினார்கள். பழைய மேடு மறைந்துபோனது. ஒரு நேரத்தில் ஒரே மேடுதான் நிற்கும் என்று மாதிரி சொன்னபடியே. அதே ஆண்டு மேட்டை இடமும் வலமும் தள்ளும் சாய்ந்த இணைப்புகளும் தெரியவந்தன.

எலியின் இடத்தைக் குறிக்கும் கட்ட நியூரான்களுக்கு மாதிரி இன்னொன்றைச் சொல்லியிருந்தது. அந்தக் கூட்டத்தின் நிலைகளெல்லாம் டயர் டியூப் போன்ற ஒரு பரப்பின் மேல் இருக்க வேண்டும் என்று. 2022இல் நூற்றுக்கணக்கான நியூரான்களை ஒரே நேரத்தில் பதிவுசெய்து பார்த்தபோது அந்தப் பரப்பு கிடைத்தது.

கண்ணை மூடி அழுத்தினால் தெரியும் சுருள்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஹைன்ரிஷ் க்ளூவர் 1920களில் மெஸ்கலின் என்ற மாயத்தோற்ற மருந்து தரும் காட்சிகளை ஆராய்ந்து, மனிதர்கள் காணும் வடிவங்கள் நான்கு வகைக்குள் அடங்குகின்றன என்றார்: தேன்கூடு போன்ற வலை, சிலந்தி வலை, சுரங்கம், சுருள். ஆளுக்கு ஆள் ஏன் ஒரே வடிவங்கள்?

1979இல் எர்மென்ட்ரவுட்டும் கோவனும் இதற்கு விடை சொன்னார்கள். கண்ணில் விழும் படம் பார்வைப் புறணியில் ஏறும்போது வளைந்து மாறுகிறது. பார்வையின் நடுவைச் சுற்றிய வட்டங்கள் ஒரு திசையில் நேர்க்கோடுகளாகவும், நடுவிலிருந்து விரியும் கதிர்கள் அதற்குச் செங்குத்தான நேர்க்கோடுகளாகவும், சுருள்கள் சாய்கோடுகளாகவும் ஆகும். புறணியின் கிளர்வுநிலை ஏறினால், பக்கத்தில் தூண்டி தூரத்தில் தடுக்கும் வலையமைப்பில் சீரான அமைதி நிலை உடைந்து கோடுகளோ தேன்கூடோ தானாகத் தோன்றும். 1952இல் ஆலன் டூரிங் உயிர்களின் உடலில் வடிவங்கள் உருவாவதற்குச் சொன்ன அதே வழிமுறை. புறணியில் எழும் நேர்க்கோட்டைக் கண்ணின் ஆயத்துக்குத் திருப்பி மாற்றினால் சுரங்கமும் சுருளும் வருகின்றன. ஆகவே அந்தச் சுருள், தன் சொந்த இணைப்புகளின் சமச்சீரை மூளை காட்டுவதுதான்.

நினைவை இந்த மாதிரிகள் எப்படி விளக்குகின்றன?

1982இல் ஜான் ஹாப்ஃபீல்ட் காட்டியபடி, ஒவ்வொரு நினைவும் வலையமைப்பு தானாகச் சரிந்து சேரும் ஒரு நிலை. பாதி நினைவைக் கொடுத்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். தற்செயலான நினைவுகளாக இருந்தால் நியூரான் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்வரை சேமிக்கலாம், அதைத் தாண்டினால் எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். 2024இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை ‘மாறுநிலை விளிம்பில்’ இயங்குகிறது என்பது நிரூபணமாகிவிட்டதா?

என் பார்வையில் இல்லை. 2003இல் பெக்ஸும் ப்ளென்ஸும் எலியின் புறணித் துண்டுகளில் கிளர்ச்சி சரிவுகளாகப் பரவுவதையும், சரிவின் அளவு பெருகப் பெருக அதன் நிகழ்தகவு 3/2 என்ற அடுக்கில் குறைவதையும் கண்டார்கள். ஒரு துடிப்பு சராசரியாகச் சரியாக ஒரு துடிப்பைப் பிறப்பித்தால் வரும் எண் அது. கிளர்ச்சி அணையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை: மாறுநிலை விளிம்பு என்பது இதைத்தான். கருத்து கவர்ச்சியானது, அதனாலேயே கவனம் வேண்டும். அடுக்கு விதிகள் எந்த விளிம்பும் இல்லாத தற்செயல் இயக்கங்களிலிருந்தும் வர முடியும் என்று டூபூலும் டெஸ்டெக்ஸும் காட்டியிருக்கிறார்கள். அடுக்கு விதி மடக்கை அளவில் வரைந்தால் நேர்க்கோடாகத் தெரியும், ஆனால் அப்படி ஒரு நேர்க்கோடு கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து விளிம்பு என்று சொல்லிவிட முடியாது.

மருத்துவத்துக்கு இதனால் பயன் உண்டா?

வலிப்பில்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். சில விநாடிகள் பிள்ளைகள் நினைவிழந்து வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பில் மூளை முழுதும் விநாடிக்குச் சுமார் 3 முறை ஏறி இறங்கும். கணிதத்தில் இது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவது: மெல்ல நகரும் ஏதோ ஓர் அளவு எல்லையைத் தாண்ட, அமைதி நிலை குலைந்து அலைவு பிறக்கிறது. 2014இல் விக்டர் ஜிர்சாவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ‘எபிலெப்டார்’ மாதிரி ஐந்து மாறிகளால் வலிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் விவரிக்கிறது. அதை ஒவ்வொரு நோயாளியின் மூளை இணைப்பு வரைபடத்தோடும் சேர்த்து, அறுவை சிகிச்சையில் எந்தப் பகுதியை எடுப்பது என்று திட்டமிட உதவும் முயற்சி பிரான்சில் மருத்துவச் சோதனைவரை போயிருக்கிறது.

ஒற்றைத் தலைவலியின் கதையும் சொல்லத் தக்கது. தலைவலிக்கு முன் பார்வையில் ஒரு மின்னும் வளைவு விரியும். 1941இல் கார்ல் லாஷ்லி தனக்கே வந்ததை வரைந்துவைத்து, புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்கிட்டார். 1944இல் அரிஸ்டிடிஸ் லெயாவ் முயலின் புறணியில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊரும் அடக்க அலையைக் கண்டார். நியூரான்களின் துடிப்பு அலைகள் விநாடிக்குப் பத்திலொரு மீட்டருக்கு மேல் ஓடும்போது இது இவ்வளவு மெதுவாக நகர்வதற்குக் காரணம், பொட்டாசியமும் பிற பொருள்களும் செல்களுக்கு வெளியே ஊறிப் பரவுவதுதான். அதனால் இதற்கு வேறு வகைச் சமன்பாடு வேண்டும்.

ஒரு மாதிரி சரியான வடிவத்தைத் தந்துவிட்டால் மூளையும் அப்படித்தான் செய்கிறது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

நண்டு, இறால் வகைகளின் வயிற்றை இயக்கும் சிறு நரம்பு முடிச்சில் சுமார் 30 நியூரான்களே இருக்கின்றன. அதன் தாளத்துக்கு 2004இல் பிரின்ஸ், பூஹர், ஈவ் மார்டர் மூவரும் 2 கோடிக்கும் அதிகமான மாதிரிச் சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இணைப்பு வலுக்களும் நியூரான் தன்மைகளும் முற்றிலும் வேறுபட்ட ஏராளமான சுற்றுகள், கிட்டத்தட்ட ஒரே தாளத்தைத் தந்தன. உயிருள்ள விலங்குகளிலும் ஒன்றுக்கொன்று இந்த அளவுகள் மிகவும் வேறுபடுகின்றன. ஆகவே தாளம் பொருந்துகிறது என்பதிலிருந்து உள்ளே இருப்பது இதுதான் என்று பின்னோக்கிப் போக முடியாது.

பிறகு எப்படித்தான் சோதிப்பது? தொந்தரவு செய்து பாருங்கள். ஒரே வடிவத்தைத் தரும் இரண்டு மாதிரிகள், ஒரு இணைப்பை வெட்டினாலோ வெப்பநிலையை மாற்றினாலோ வேறு வேறாக நடந்துகொள்ளும். ஈயின் மூளையில் இரண்டாவது மேட்டை எழுப்பியதும், தடுக்கும் நியூரான்களைத் தூண்டி அவை அடங்குவதைக் கண்டதும் அந்த வகைச் சோதனைகள். ஒரு கட்டுரையில் பதிவின் படமும் மாதிரியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டும் ஒத்திருக்கின்றன என்று மட்டும் எழுதியிருந்தால், நான் அடுத்துத் தேடுவது தொந்தரவுச் சோதனையைத்தான்.

செயற்கை நுண்ணறிவில் வரும் நரம்பு வலையமைப்பும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. அங்கே குறிக்கோள் ஒரு பணியைச் சரியாகச் செய்வது. உள்ளே காலப்போக்கில் என்ன இயக்கம் நடக்கிறது என்பது பல வேளைகளில் இரண்டாம்பட்சம். இங்கே அந்த இயக்கம்தான் கேள்வியே.

எதைப் படித்துத் தொடங்குவது?

வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகளின் ஐகன் மதிப்புகள், நிகழ்தகவு ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றில் இரு மாறிச் சமன்பாடுகளைத் தளத்தில் வரைந்து, நிலைப்புள்ளி எப்போது குலைகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். வில்சன்-கோவன் சமன்பாட்டைக் கையாலேயே வரையலாம்.

அப்புறம் கணினிக்குப் போங்கள். பிரையன், நெஸ்ட் இரண்டும் இலவச மென்பொருள்கள். புருனெலின் வலையமைப்பை எழுதிப் பாருங்கள்: கசியும் எளிய நியூரான்கள், 10,000 தூண்டுபவை, 2,500 தடுப்பவை. ஒவ்வொன்றும் தற்செயலாகத் தேர்ந்த 1,000 தூண்டுபவையிடமிருந்தும் 250 தடுப்பவையிடமிருந்தும் உள்ளீடு பெறட்டும். கசியும் காலம் 20 மில்லிவிநாடி, வரம்பு ஓய்வுநிலைக்கு 20 மில்லிவோல்ட் மேலே, துடித்ததும் இறங்கும் இடம் ஓய்வுநிலைக்கு 10 மில்லிவோல்ட் மேலே, துடித்தபின் 2 மில்லிவிநாடி ஓய்வு, ஒவ்வொரு தூண்டலும் 0.1 மில்லிவோல்ட், தாமதம் 1.5 மில்லிவிநாடி. வெளி உள்ளீடு தற்செயலானதாக, வரம்பைத் தொடத் தேவையானதைப்போல இரு மடங்கு இருக்கட்டும்.

இப்போது தடையின் வலுவைத் தூண்டலைப்போல 3 மடங்காக வையுங்கள். எல்லாம் ஒத்திசைந்து வேகமாகத் துடிக்கும். 5 மடங்காக்குங்கள், ஒத்திசைவு கலைந்து ஒவ்வொன்றும் தன்போக்கில் சிதறித் துடிக்கும். தூண்டுபவை நான்கு மடங்கு அதிகமாக இருப்பதால் எல்லை 4இன் அருகில் வருகிறது. கடைசியாகத் தடையை 6 மடங்காகவும் வெளி உள்ளீட்டை 4 மடங்காகவும் உயர்த்தி, ஏதாவது ஒரு நியூரானின் துடிப்புகளை மேலேயும் மொத்தக் கூட்டத்தின் வேகத்தைக் கீழேயும் வரையுங்கள். மேலே தாறுமாறு, கீழே வேகமான தாளம். தாமதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போய், அந்தத் தாளத்தின் அதிர்வெண் எப்படி நகர்கிறது என்று குறித்துவையுங்கள்.